மூடியில் இருந்த பெயர்

நேற்று மாலை செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு தள்ளுவண்டியில் பன்னீர் திராட்சையைக் குவித்து வைத்திருந்தார்கள். மழை பெய்து ஓய்ந்திருந்த நேரம். ஈரக்காற்றில் அந்த வாசனை நடைபாதை முழுவதும் பரவியிருந்தது. போவோர் வருவோருக்கு அது பழத்தின் வாசனை. எனக்கு அது, காலை எட்டு மணிக்கு நம் பரிசோதனைக்கூடத்து இன்குபேட்டரின் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதும் வாசனை. சூடோமோனாஸ் என்னும் கிருமி, வளர்ப்புத் தட்டில் பெருகித் தன் வரவைத் தானே தெரிவிக்கும் வாசனை. அதை எல்லோருக்கும் முன்பாகக் கண்டுகொண்டு, "திராட்சைத் தோட்டம் வந்துட்ச்சி சார்!" என்று கூடத்தின் மறுகோடிவரை கேட்கக் கூவுபவன் நீ.

ஒரு கொத்தைக் கையில் எடுத்தபடி நின்றுவிட்டேன் போலும். "இன்னா சார், மோந்து மோந்து பாத்துகினே கீறே? வாங்கப் போறியா, இல்ல வாசனை மட்டும் போதுமா?" என்றார் வண்டிக்காரர். அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன். வந்ததும் இந்த மடலைத் தொடங்கிவிட்டேன்.

உனக்குச் சொல்ல என்னிடம் ஒரு செய்தி இருக்கிறது. உன் கழுத்துக் காயத்திலிருந்து எடுத்த சீழ் மாதிரியை நான் ஏற்க மறுத்தேனே, அந்த நாளைப் பற்றிய செய்தி அது. அந்த ஒரு நாள் தாமதத்தால்தான் உன் குரல் போயிற்று என்று நீ உயிரோடு இருந்தவரையிலும், நீ போன பிறகும், நான் நம்பிவந்தேன். சென்ற வாரம் வந்த ஓர் ஆய்வு முடிவு வேறொன்றைச் சொல்கிறது. அதை முறைப்படி, முதலிலிருந்து சொல்லவே விரும்புகிறேன். "ஆரம்பிச்சிட்டான்யா ரூல்டு நோட்டு" என்று நீ சலித்துக்கொள்வது எனக்குக் கேட்கிறது.

அந்தப் பெயரை நீ எனக்குச் சூட்டியது கல்லூரியில். ஒரே மேசையில் இரண்டு பேரும் நுண்ணுயிரியல் படித்தோம். திருக்கழுக்குன்றத்து ஆசிரியர் வீட்டுப் பிள்ளையான நான் மேலே படித்து முனைவர் பட்டம் வாங்கினேன். மகாபலிபுரம் சாலையை ஒட்டிய கிராமத்து விவசாயி வீட்டுப் பிள்ளையான நீ, உடனே சம்பளம் வேண்டுமென்று டெக்னீஷியன் படிப்புக்குப் போனாய். பல வருடங்கள் கழித்து ஒரே மருத்துவமனையில், நான் பரிசோதனைக்கூடத்தின் தர மேலாளராகவும் நீ முதுநிலை டெக்னீஷியனாகவும் மீண்டும் சேர்ந்தோம். கூடத்தின் வாசற்படிக்கு உள்ளே என்னை 'சார்' என்றாய். வெளியே வந்ததும் 'டேய்' என்றாய். அந்த எல்லையை நீயாகத்தான் வகுத்தாய். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

மற்ற எல்லைகளை நான் வகுத்தேன், நீ தவறினாய். வளர்ப்புத் தட்டுகளை முகர்ந்து பார்க்கக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டினேன். கிருமி மூக்கு வழியாக உள்ளே போகக்கூடும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரிந்த காரணம். "மூக்குக்கும் பூட்டு போட்டுட்டாருப்பா" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு நீ முகர்ந்துகொண்டுதான் இருந்தாய். இரண்டு முறை மெமோ கொடுத்தேன். இரண்டு முறையும், "சார், உங்க கையெழுத்து முத்து முத்தா கீது" என்று வாங்கிக்கொண்டாய்.

ஆனால் நாம் இருவரும் மனமொத்து எழுதிய விதி ஒன்று உண்டு. கொரோனா காலத்தில் மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த மாதிரிகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. வைரஸ் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலையில் சாப்பாட்டு நேரமே மறந்துபோன நாட்கள் அவை. அப்போது நீ ஒன்றைக் கவனித்தாய். சில இடங்களிலிருந்து வரும் குழாய்களில் பெயரை மூடியின்மேல் எழுதியிருந்தார்கள். ஒரே தட்டில் வைத்து இரண்டு குழாய்களைத் திறந்து மூடினால் மூடி மாறிப்போக வாய்ப்பு உண்டு. மாறினால் ஒருவருடைய நோய் இன்னொருவர் தலையில் விழும்.

"மூடி ஊர்சுத்திடா. எந்த டப்பா மேலயும் போயி உக்காரும். டப்பாதான் ஆளு" என்று தேநீர்க் கடையில் வைத்துச் சொன்னாய். மறுநாளே விதியை எழுதினேன்: மாதிரிக் கலத்தின் உடற்பகுதியில் நோயாளியின் பெயரும் எண்ணும் இல்லையெனில், மூடியில் எது எழுதியிருப்பினும் மாதிரி ஏற்கப்படாது, புதிய மாதிரி கேட்கப்படும். விதிவிலக்கு எதுவும் இல்லை.

அப்படித் தள்ளப்பட்ட மாதிரிகளை என்ன செய்வது என்பதில் மட்டும் நமக்குள் ஒத்துவரவில்லை. அழித்துவிட வேண்டும் என்பது என் கட்சி. "ரிப்போர்ட் குடுக்க வேணாம் சார். ஆனா தூக்கிப் போடவும் வேணாம். ஒரு தட்டுல வளத்து ஓரமா வெச்சிக்கலாம். திரும்ப எடுக்கவே முடியாத சாம்பிளா இருந்தா இன்னா பண்ணுவீங்க?" என்றாய். அறிக்கை தரப்படாத சோதனை வீண் என்றும், ஆய்வுக்கு வரும் தணிக்கைக் குழுவிடம் பதில் சொல்ல முடியாது என்றும் விளக்கி, அந்த வழக்கத்தை நிறுத்தும்படி எழுத்து மூலம் கேட்டேன். நீ தலையாட்டினாய். நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு உன் தொண்டை கட்டிக்கொண்டது. ஆடி மாதம் உங்கள் ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் விழாவில் மைக் எப்போதும் உன் கையில்தான். காணாமற்போன குழந்தைகளையும், வழியை மறித்து நிற்கும் வண்டிகளையும், அன்னதானம் தந்தவர்களையும் ஒரே மூச்சில் அறிவிப்பாய். மூன்று நாள் கத்தியதால் கட்டிக்கொண்டது என்றாய். ஆவணி முடிந்தும் தெளியவில்லை. குரல்வளையில் புற்று. தலை, கழுத்து அறுவை சிகிச்சை செய்யும் நம் மருத்துவர் படம் வரைந்து காட்டினார்: குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும், இனி கழுத்திலுள்ள துளை வழியாகத்தான் மூச்சு, காயம் ஆறியதும் மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே ஒரு சிறு வால்வைப் பொருத்தினால் பேசலாம்.

"மைக்ல பேசலாமா டாக்டர்?" என்று கேட்டாய்.

"தாராளமா. கொஞ்சம் கரகரன்னு இருக்கும்."

"அது இப்பவே அப்டித்தான் கீது" என்றாய். உன் மனைவி வசந்தாகூடச் சிரித்துவிட்டார்.

அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. ஆறாம் நாள் காய்ச்சல் வந்தது. கழுத்தில் தையலின் ஓரம் சிவந்து சீழ் கட்டியது. அன்று காலை பத்து மணிக்கு உன் வார்டிலிருந்து இரண்டு டப்பாக்கள் வந்தன. உன்னிடம் வேலை பழகிய செல்வி அவற்றை என் மேசைக்குக் கொண்டுவந்தாள்.

"சார், ரெண்டுலயும் மூடிலதான் பேர் எழுதிக்கீறாங்க. ஒண்ணு பக்கத்து பெட் பெரியவரோடது. இன்னொண்ணு நம்ம அண்ணனோடது."

பார்த்தேன். மூடியில் உன் பெயர், நீல மையில், தெளிவாக. டப்பாவின் உடம்பில் ஒன்றுமே இல்லை.

"அண்ணன்னு நமக்கே தெரியுதே சார். இத மட்டும் ஏத்துக்கலாமே?"

"மூடிதான் அப்படிச் சொல்லுது செல்வி. டப்பா சொல்லல."

உன் வாசகத்தைத்தான் சொன்னேன். சொல்லும்போது எனக்குள் ஒரு சிறு பெருமிதம்கூட இருந்தது. நண்பனுக்காகக்கூட வளையாதவன் என்ற பெருமிதம். இரண்டு மாதிரிகளும் நிராகரிக்கப்பட்டன என்று கணினியில் பதிந்துவிட்டு ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டேன். விதி அவ்வளவுதான் கேட்டது. கணினியில் வந்த அந்தச் செய்தியை வார்டில் பார்த்தது மாலை ஐந்து மணிக்கு. புதிய மாதிரி வந்தது ஆறு மணிக்கு. ஒரு வேலை நாள் முழுதாகக் கழிந்திருந்தது. கிருமி வளர்ந்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரிவதற்குள் தையல் பிரிந்து உமிழ்நீர் வெளியே கசிந்தது. வழக்கமான மருந்துகள் எதற்கும் அடங்காத சூடோமோனாஸ் அது. சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும் ஒரே ஒரு மருந்துக்குத்தான் கட்டுப்பட்டது. மார்புத் தசையை எடுத்து மறுபடியும் கழுத்தை மூட வேண்டியிருந்தது. நீ பிழைத்தாய். ஆனால் அந்த இடத்தில் இனி வால்வு பொருத்த முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கழுத்தில் வைத்துப் பேசும் பேட்டரிக் கருவியை இரண்டு நாள் முயன்றுவிட்டுத் திருப்பிக் கொடுத்தாய். 'ரோபோ மாரி கீது' என்று எழுதிக் காட்டினாய்.

நான்கு மாதம் கழித்துக் கழுத்தில் ஒரு மெல்லிய துணியைக் கட்டிக்கொண்டு, கையில் சிலேட்டோடு வேலைக்குத் திரும்பினாய். காற்று மூக்கு வழியாகப் போகாததால் உனக்கு வாசனையும் போயிருந்தது. அதைப் பற்றி நீ எதுவும் எழுதவில்லை. இன்குபேட்டரைத் திறந்து, நின்று, மூடிய விதத்தில் நான் புரிந்துகொண்டேன். பிறகு பேச்சுப் பயிற்சியாளர் உனக்கு ஓர் உத்தி சொல்லித் தந்தார்: உதட்டை மூடிக்கொண்டு, கொட்டாவியை அடக்குவதுபோலத் தாடையைக் கீழே இறக்கினால் மூக்கினுள் கொஞ்சம் காற்று இழுபடும். ஒரு காலை நீ தட்டு ஒன்றின்மேல் குனிந்து அப்படித் தாடையை இறக்கி இறக்கி ஏற்றுவதைக் கண்டேன். நிமிர்ந்ததும் என்னைப் பார்த்துவிட்டாய். சிலேட்டில் பெரிய எழுத்தில் 'திராட்சை' என்று எழுதினாய். அதன் கீழே, 'மெமோ குடு.'

நான் மெமோ கொடுக்கவில்லை. அன்று என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஒரே ஒரு முறை உன்னிடம் அந்த நாளைப் பற்றிப் பேசினேன். சிலேட்டை எடுத்து, 'ஏத்துக்கினு இருந்தா நான் உனக்கு மெமோ குடுத்திருப்பேன்' என்று எழுதினாய். உன் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த ஆடியில் உங்கள் ஊருக்கு வந்தபோது மைக் வேறொருவர் கையில் இருந்தது. நீ பக்கத்தில் நின்று, அறிவிக்க வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாய். அவர் படிக்கும் வேகம் போதவில்லை என்று அவர் தோளைத் தட்டித் தட்டி விரட்டினாய். ஊர் சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. போன வருடத்துக்கு முந்தின வருடம் உன் இதயம் திடீரென்று நின்றது. அந்தச் சாவுக்கும் பழைய காயத்துக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர் சொன்னார். அது ஓர் ஆறுதல்தான். ஆனால் என் கேள்வி உன் சாவைப் பற்றியது அல்லவே.

இப்போது செய்திக்கு வருகிறேன். மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றி நம் மருத்துவமனையில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. உறைபெட்டியில் நாம் சேமித்து வைத்த பழைய கிருமிகளின் மரபணுவை வரிசையாகப் படித்து, எது எதற்கு உறவு, எது எங்கிருந்து பரவியது என்று பார்க்கிறார்கள். பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு செல்விக்கு. ஒரு பெட்டியைத் தயங்கித் தயங்கி என் மேசையில் வைத்தாள். மேலே உன் கையெழுத்து: 'தள்ளுனது.'

"இது என்ன?"

"நாம தள்ளுன சாம்பிள்லேர்ந்து வளத்தது சார். ரிப்போர்ட் எதுவும் குடுக்கல. மருந்து டெஸ்ட்டும் போடல. சும்மா வளத்து, பேர் எழுதி வெச்சிருந்தோம். அண்ணன் சொல்லிட்டாரு. அவரு வார்டுல படுத்திருந்தப்போ நானே வளத்து வெச்சேன்."

"நான்தான் இதை நிறுத்தச் சொன்னேனே. எப்போதிலிருந்து நடக்குது?"

"நீங்க நிறுத்தச் சொன்னதுலேர்ந்து சார். அதுக்கு முன்னாடி பெட்டி இல்ல, வெறும் ராக்குதான்."

கோபப்பட வேண்டிய இடம் அது என்று எனக்குத் தெரியும். ஆனால் பெட்டிக்குள் அந்த நாளின் இரண்டு குழாய்கள் இருந்தன: மூடியில் உன் பெயர் இருந்த டப்பாவிலிருந்து வளர்ந்தது ஒன்று, பக்கத்துப் படுக்கைப் பெரியவரின் பெயர் இருந்ததிலிருந்து வளர்ந்தது ஒன்று. அன்று மாலை உங்கள் இருவரிடமிருந்தும் முறையாக எடுத்த மாதிரிகளின் கிருமிகள் ஏற்கெனவே நம்மிடம் இருந்தன. நான்கையும் ஆய்வுக்கு அனுப்பினேன்.

நான்குமே சூடோமோனாஸ்தான். ஆனால் இரண்டு வெவ்வேறு குடும்பங்கள். உன் பெயர் இருந்த டப்பாவில் வளர்ந்த கிருமியும், மாலையில் அந்தப் பெரியவரிடமிருந்து எடுத்த கிருமியும் ஒன்று. அவர் பெயர் இருந்த டப்பாவில் வளர்ந்ததும், மாலையில் உன்னிடமிருந்து எடுத்ததும் ஒன்று. காலையில் யாரோ இரண்டு டப்பாக்களையும் அருகருகே திறந்து, சீழை விட்டு, மூடியை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். உன் பெயரைச் சுமந்து என் மேசைக்கு வந்தது உன்னுடையது அல்ல.

அறிக்கையை மூன்று முறை படித்தேன். குழாய்களின் எண்களைச் செல்வியைத் தனியாகப் படிக்கச் சொல்லி, திரும்பி உட்கார்ந்து கேட்டேன். சரியாக இருந்தது. அந்தப் பெரியவரின் கிருமி சாதாரண ஊசிக்கே அடங்கக்கூடியது. உன்னுடையதை அந்த ஊசி தொட்டிருக்கவே தொட்டிருக்காது. செல்வியின் பேச்சைக் கேட்டு அன்று நான் ஏற்றிருந்தால், உனக்கு அந்தச் சாதாரண ஊசி போதும் என்று என் கையெழுத்தோடு அறிக்கை போயிருக்கும். மருத்துவரும் நம்பியிருப்பார். உண்மை தெரிவதற்குள் குரல் மட்டுமா போயிருக்கும்? பெரியவருடையதையும் சேர்த்து ஏற்றிருந்தால் அவருக்கு, தேவையே இல்லாமல் சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்து ஏறியிருக்கும்.

இத்தனை வருடமாக நான் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தேன் என்பது அன்று சாய்ந்தபோதுதான் தெரிந்தது. செல்வி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "அண்ணன் இருந்திருந்தா இன்னா சொல்லியிருப்பாரு தெரியுமா சார்? 'நான் அப்பவே சொன்னேன்ல'ன்னு சிலேட்டு நெறைய எழுதியிருப்பாரு." புதிய விதிமுறைப் புத்தகத்தில், தள்ளப்பட்ட மாதிரிகளையும் வளர்த்துச் சேமிக்க வேண்டும் என்று சேர்த்துவிட்டேன். "அப்ப இனிமே ஒளிச்சி வெக்க வேணாம்" என்று அவள் சொன்ன குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்ததுபோல் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் பேருந்தில் ஏறி உன் வீட்டுக்குப் போனேன். வசந்தா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். உள்ளே உட்கார்ந்து, நோட்டுத் தாளில் நான்கு டப்பாக்களை வரைந்து, எல்லாவற்றையும் விளக்கினேன். வசந்தா தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டார்:

"சரிண்ணா. அத்த நீங்க தள்ளுனது ரைட்டு. புரிஞ்சிக்கினேன். ஆனா தள்ளுன ஒடனே மேல வார்டுக்கு ஒரு போனு போட்டிருந்தா?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அறிக்கை என்னை விடுவித்தது அந்த இடம் வரைக்கும்தான்.

"புது சாம்பிள் பதினோரு மணிக்கே வந்திருக்கும். மருந்து ஒரு நாள் முன்னாடி போயிருக்கும்."

"குரல் வந்திருக்குமா?"

"தெரியாதும்மா."

"நெஜமாவே தெரியாதா?"

"நிஜமாவே தெரியாது. வந்திருக்கலாம். அந்தக் கிருமிக்கு அந்த ஒரு நாள் பெரிய விஷயமா இல்லாமலும் இருந்திருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது."

வசந்தா தாளை மடித்து வைத்தார். "இத்த சொல்றதுக்கா இத்தினி வருஷம்? ஒவ்வொரு வாட்டியும் எல்லாம் தெரிஞ்ச மூஞ்சியோட வந்துகினு இருந்தீங்க. வருவீங்க, நிப்பீங்க, ஒரு வாய் காப்பிகூடக் குடிக்க மாட்டீங்க. 'இவன் கொலகாரன் மாரி வந்து நிக்கிறான், எனக்கே பயமா கீது'ன்னு அவரு எழுதிக் காட்டுவாரு. தெரியாதுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா, நாங்க ரெண்டு பேரும் உங்கள நிம்மதியா திட்டியிருப்போமில்ல?"

சிரித்தேன். உன் வீட்டில் நான் சிரித்து எத்தனை காலம் ஆகிறது என்று நினைத்துப் பார்த்தேன். காப்பி கொண்டுவந்தார், குடித்தேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது, அதையும் சொன்னேன். "அவருக்கும் இப்டித்தான் போடுவேன், அவரு வாய் தொறந்து சொன்னதேயில்ல" என்றார். பிறகு அந்த வாக்கியத்தைத் தானே கேட்டு அவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆகவே, இதுதான் நிலவரம். நான் தள்ளியதில் பிழையில்லை. உன்னுடையது அல்லாத ஒன்றை உன்னிடம் அண்டவிடாமல் தடுத்தேன். அந்தத் தடுப்பின் சாட்சியை, என் உத்தரவை மீறி, நீ எனக்காகக் காப்பாற்றி வைத்திருந்தாய். இரண்டையும் அறிந்தபின் இந்த வாரம் முழுவதும் நன்றாகத் தூங்கினேன். தள்ளியதும் நான் மாடிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்பது மட்டும் மிச்சம் இருக்கிறது. அதற்கு எந்த உறைபெட்டியிலும் விடை இல்லை.

இப்போதெல்லாம் ஒரு மாதிரியைத் தள்ள நேர்ந்தால், கணினியில் பதிவதற்கு முன் புதிய டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு நானே மாடி ஏறுகிறேன். உன் வார்டு மூன்றாம் தளத்தில். மின்தூக்கிக்காகக் காத்திருப்பதில்லை. "போன் பண்ணா போதுமே சார், நீங்க எதுக்கு?" என்று செவிலியர்கள் கேட்கிறார்கள். டப்பாவின் உடம்பில் பெயரை எழுதச் சொல்லி, எழுதி முடிக்கும்வரை நின்று, வாங்கிக்கொண்டு இறங்குகிறேன். இதையும் விதிமுறையில் சேர்த்துவிடலாமே என்று செல்வி சொன்னாள். வேண்டாம் என்றேன். விதியாக எழுதிவிட்டால், யாரையாவது அனுப்பிவிடுவேன்.